மலேசியாவில் டாக்டராகப் பதிவு பெறுவது எப்படி? புதிதாக வருபவர்களுக்கு

சென்னை, மதுரை, யாழ்ப்பாணம் என்று எங்கோ எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டுக் கோலாலம்பூருக்கோ பினாங்குக்கோ குடிவரும் டாக்டர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, “இங்கே என்ன பரீட்சை எழுதணும்?” என்பதுதான். இங்கிலாந்து போன நண்பர் பிளாப் எழுதியிருப்பார், அமெரிக்கா போன சீனியர் யு.எஸ்.எம்.எல்.இ. எழுதியிருப்பார். அதனால் இங்கேயும் ஒரு பரீட்சை இருக்கும், அதை முடித்தால் வேலை என்று நினைப்பது இயல்பு.

மலேசியாவில் நடைமுறை வேறு. 1971-ஆம் ஆண்டு மருத்துவச் சட்டம் முதலில் பார்ப்பது நீங்கள் எந்தக் கல்லூரியில், எந்தப் பட்டம் வாங்கினீர்கள் என்பதை. அதற்கு அடுத்தபடியாகத்தான் அனுபவம், குடியுரிமை, வேலை எல்லாம் வருகின்றன. பரீட்சை சிலருக்கு மட்டுமே. இந்த வரிசை தெரியாமல் புத்தகத்தைத் திறந்து உட்கார்ந்துவிட்டு, ஒரு வருடம் கழித்து வேறு காகிதம் தேவை என்று தெரிந்து தவிப்பவர்களைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது. இந்தக் கட்டுரை அவர்களுக்காகத்தான்.

மூன்று அனுமதிகள், மூன்று இடங்கள்

இதை மட்டும் முதலிலேயே மனதில் பதித்துக்கொள்ளுங்கள். டாக்டராக இங்கே வேலை பார்க்க மூன்று தனித்தனி அனுமதிகள் வேண்டும். ஒன்று, மலேசிய மருத்துவ மன்றத்தின் பதிவு. எல்லோரும் எம்.எம்.சி. என்று சொல்வது இந்த மன்றத்தைத்தான். இரண்டு, உங்களை வேலைக்கு எடுக்கும் இடம்: சுகாதார அமைச்சு, பல்கலைக்கழக மருத்துவமனை, அல்லது தனியார் மருத்துவமனை. மூன்று, குடிநுழைவுத் துறை தரும் வேலை அனுமதி.

ஒன்று கிடைத்தால் மற்றது தானாக வராது. கணவருக்கோ மனைவிக்கோ கோலாலம்பூரில் ஐ.டி. வேலை கிடைத்து, நீங்கள் டிபென்டன்ட் பாஸில் கூட வந்திருந்தால், அந்தப் பாஸில் சம்பளத்துக்கு வேலை பார்க்க முடியாது. மலேசியக் குடிமகனைத் திருமணம் செய்து நீண்டகாலச் சமூக வருகைப் பாஸில் இருப்பவர்களுக்கும் வேலை செய்யக் குடிநுழைவுத் துறையின் தனி அனுமதி தேவை. அந்த அனுமதி கையில் இருந்தாலும், எம்.எம்.சி. பதிவு இல்லாமல் ஒரு நோயாளியைக்கூடத் தொட முடியாது. ஆகவே யாராவது “விசா ஆயிடுச்சு, இனி கவலை இல்லை” என்றால் நம்பி ஊரில் வேலையை விட்டுவிடாதீர்கள். மூன்றில் எது கிடைத்திருக்கிறது, எது பாக்கி என்று கேளுங்கள்.

உங்கள் கல்லூரி பட்டியலில் இருக்கிறதா?

மருத்துவச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் நாடு வாரியாக அங்கீகரிக்கப்பட்ட கல்லூரிகளும் பட்டங்களும் இருக்கின்றன. இந்தியாவின் பல கல்லூரிகள் அதில் உண்டு, எல்லாக் கல்லூரிகளும் இல்லை. பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கிறது என்பதோடு நிறுத்திவிட வேண்டாம். தமிழ்நாட்டில் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் எத்தனையோ கல்லூரிகள் இருக்கின்றன. அதில் உங்கள் கல்லூரியின் பெயர் இருக்கிறதா, உங்கள் பட்டத்தின் பெயர் அப்படியே இருக்கிறதா, ஆண்டு வரம்பு ஏதாவது போட்டிருக்கிறதா என்று எழுத்துக்கு எழுத்துப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் மன்றத்துக்கு எழுதி, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆண்டு வரம்பு ஏன் முக்கியம் என்பது நம் சமூகத்துக்கு நன்றாகவே தெரியும். 2005-இல் உக்ரைனின் கிரிமியா அரசு மருத்துவப் பல்கலைக்கழகத்துக்கு மலேசியா தந்திருந்த அங்கீகாரம் விலக்கப்படுவதாக அறிவிப்பு வந்தபோது, அங்கே பிள்ளைகளை அனுப்பியிருந்த மலேசிய இந்தியக் குடும்பங்கள் எவ்வளவு கலங்கின! ஓர் அங்கீகாரம் இன்று இருக்கும், அடுத்த ஆண்டு சேர்பவர்களுக்கு இல்லாமல் போகலாம். பிள்ளையை வெளிநாட்டில் மருத்துவம் படிக்க அனுப்பும் மலேசியப் பெற்றோர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கிளம்புவதற்கு முன் உயர்கல்வி அமைச்சிடம் ஆட்சேபம் இல்லை என்ற சான்றிதழ் வாங்க வேண்டும், பள்ளி இறுதித் தேர்வுகளான எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். அல்லது அதற்குச் சமமான தேர்வுகளில் அறிவியல் பாடங்களில் குறைந்தபட்ச மதிப்பெண் இருந்தால்தான் அது கிடைக்கும். திரும்பி வந்தபின் இதைத் தேடி அலைவது பெரிய வேதனை.

கல்லூரி பட்டியலில் இல்லையென்றால்? அங்கேதான் பரீட்சை வருகிறது. பட்டியலில் இல்லாத பட்டம் வாங்கியவர்களுக்கென்று சட்டத்தில் ஒரு தகுதித் தேர்வு உண்டு. மலாயாப் பல்கலைக்கழகம், யு.கே.எம்., யு.எஸ்.எம். போன்ற அரசுப் பல்கலைக்கழகங்கள் இதை நடத்தி வந்திருக்கின்றன. இங்கே இறுதியாண்டு மாணவர் எதை எதிர்கொள்கிறாரோ அந்தத் தரம்: எழுத்துத் தேர்வு, பிறகு நோயாளியின் முன் நின்று செய்ய வேண்டிய தேர்வு. படிப்பை முடித்துப் பல வருடம் ஆனவர்களுக்கு இரண்டாவதுதான் கஷ்டம். யார் எழுதலாம் என்பதற்கு நிபந்தனைகள் உண்டு, ஆகவே தயாரிப்பைத் தொடங்கும் முன்பே நீங்கள் தகுதியானவர்தானா என்று மன்றத்திடம் உறுதி செய்துகொள்ளுங்கள்.

நீங்கள் எந்த வகை?

இப்போதுதான் படிப்பை முடித்தவர்கள் முதல் வகை. பட்டம் அங்கீகரிக்கப்பட்டதாக இருந்தால் ப்ரொவிஷனல் பதிவு. அது பயிற்சி டாக்டராக, அதாவது ஹவுஸ்மேனாக, குறிப்பிட்ட மருத்துவமனைகளில் வேலை பார்க்க மட்டுமே. அந்தப் பயிற்சியை முடித்தபின் முழுப் பதிவு. 2008 முதல் இங்கே ஹவுஸ்மேன் பயிற்சி இரண்டு வருடம். தமிழ்நாட்டில் சி.ஆர்.ஆர்.ஐ. என்ற ஒரு வருடக் கட்டாயப் பயிற்சியை முடித்தவர்கள் “நான் ஏற்கெனவே முடிச்சுட்டேனே” என்பார்கள். வெளிநாட்டுப் பயிற்சியும் அனுபவமும் இங்குள்ளதற்குச் சமம் என்று மன்றம் ஏற்றுக்கொண்டால் விலக்குத் தரச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் ஒரு வருடப் பயிற்சி மட்டும் கையில் இருந்தால் அது தானாகச் சமமாகிவிடாது. அதற்குப் பிறகு எந்தெந்தத் துறையில், எத்தனை மாதம், யார் மேற்பார்வையில் வேலை பார்த்தீர்கள் என்பதற்குத் தேதியோடு கூடிய கடிதங்கள் இருந்தால்தான் பேச்சுக்கே இடம்.

சிறப்பு மருத்துவர்கள் இரண்டாவது வகை. வெளிநாட்டிலிருந்து நேராக வேலைக்கு வருபவர்களில் இவர்கள்தான் அதிகம். இவர்களுக்குப் பெரும்பாலும் தற்காலிகத் தொழில் சான்றிதழ் என்ற வழி, சுருக்கமாக டி.பி.சி. என்பார்கள். இதில் உங்களை வேலைக்கு எடுக்கும் மருத்துவமனையோ பல்கலைக்கழகமோ பின்னால் நிற்க வேண்டும். சான்றிதழ் ஒரு குறிப்பிட்ட இடத்துக்கும் காலத்துக்கும் கட்டுப்பட்டது. பினாங்கில் ஒரு மருத்துவமனைக்காக வாங்கியதை வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை பட்டர்வொர்த்தில் நண்பரின் கிளினிக்கில் உட்கார முடியாது.

சிறப்பு மருத்துவர்கள் இன்னொரு மாற்றத்தையும் அறிந்திருக்க வேண்டும். தேசிய சிறப்பு மருத்துவர் பதிவேடு முன்பு விருப்பப்பட்டவர்கள் சேரும் ஒன்றாக இருந்தது. 2012-இல் திருத்தப்பட்ட சட்டம் 1 ஜூலை 2017-இல் நடைமுறைக்கு வந்த பிறகு அது கட்டாயமாகிவிட்டது. அந்தப் பதிவேட்டில் பெயர் இல்லாமல் இங்கே இதய நிபுணர், எலும்பு நிபுணர் என்று தொழில் நடத்த முடியாது. இந்திய எம்.டி., எம்.எஸ்., டி.என்.பி. எதுவாக இருந்தாலும், பயிற்சி நடந்த இடம், காலம், செய்த அறுவை சிகிச்சைகளின் பதிவு, உங்களைப் பற்றிச் சொல்லக்கூடிய மூத்தவர்கள் என்று எல்லாவற்றையும் வைத்துத்தான் மதிப்பிடுவார்கள். எந்தப் பயிற்சியை ஏற்பது என்ற வாதம் உள்ளூர் டாக்டர்களிடையேயே பெரிதாகி, 2024 ஜூலையில் மக்களவை மருத்துவச் சட்டத்தை மறுபடியும் திருத்தியது. ஆகவே ஐந்து வருடத்துக்கு முன் வந்த சீனியர் சொன்ன வழி இன்றும் அப்படியே இருக்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்கள்தான் அதிகம் சிரமப்படுகிறார்கள். ஊரில் ஏழெட்டு வருடம் பொது மருத்துவம் பார்த்துவிட்டு, திருமணமாகி இங்கே வந்த பெண் டாக்டர்களை நினைத்துச் சொல்கிறேன். மேற்படிப்பு இல்லாததால் மருத்துவமனைகள் டி.பி.சி.க்காக முன்வருவது அரிது. ஹவுஸ்மேன் பயிற்சிக்குப் போனால் தன்னைவிட இளையவர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டும். கௌரவக் குறைச்சல் என்று வீட்டில் யாராவது சொல்லக்கூடும். அப்படி நினைக்கவே வேண்டாம். உங்களுக்கு உண்மையான வழி அதுதான் என்றால், கைக்குழந்தை இருந்தாலும் இல்லாவிட்டாலும், வீட்டாரின் ஒத்துழைப்போடு எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் அதில் இறங்குவது நல்லது. வருடங்கள் போகப் போக, மருத்துவத்தை விட்டு எத்தனை நாளாயிற்று என்ற கேள்விக்குப் பதில் சொல்வது கடினமாகிவிடும்.

காகிதங்கள், முக்கியமாகப் பெயர்

பட்டச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், பயிற்சி முடித்த சான்றிதழ், உங்கள் மாநில மருத்துவக் கவுன்சிலின் பதிவு, பாஸ்போர்ட், வேலை பார்த்த இடங்களின் கடிதங்கள். இவை எல்லாருக்கும் தெரிந்தவை. ஊரை விட்டுக் கிளம்பும் முன் கல்லூரி அலுவலகத்துக்கு நேரில் போய் இவற்றை வாங்கிவிடுங்கள். கடல் கடந்து வந்தபின் ஒரு கையெழுத்துக்காக அத்தை மகனை அனுப்பிவைத்துக் காத்திருப்பது எளிதல்ல.

நன்னிலைச் சான்றிதழ் என்ற ஒன்று உண்டு. நீங்கள் பதிவு செய்திருக்கும் கவுன்சில், உங்கள் மேல் ஒழுங்கு நடவடிக்கை எதுவும் இல்லை என்று தருவது. இதற்கு ஆயுள் குறைவு. மற்ற எல்லாக் காகிதமும் தயாரான பிறகு கடைசியில் விண்ணப்பியுங்கள். இந்தியாவில் பழைய மருத்துவக் கவுன்சிலுக்குப் பதிலாக 2020 செப்டம்பர் முதல் தேசிய மருத்துவ ஆணையம் இயங்குகிறது. பழைய படிவங்களைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

நம்மவர்களுக்கு மட்டுமே வரும் தொல்லை ஒன்று இருக்கிறது: பெயர். தமிழ்நாட்டுச் சான்றிதழில் ‘ஆர். கவிதா’ என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயர் குடும்பப் பெயராக விரிந்து ‘கவிதா ராமசாமி’ ஆகியிருக்கும். திருமணத்துக்குப் பின் புதுப்பித்த பாஸ்போர்ட்டில் கணவர் பெயர் வந்திருக்கும். இங்கே மலேசிய இந்தியர்களின் அடையாள அட்டையில் இன்னாரின் மகன், மகள் என்பதற்கு மலாயில் அனாக் லெலாக்கி, அனாக் பெரம்புவான் என்று தந்தை பெயரோடு எழுதும் வழக்கம் இருப்பதால், கவுன்டரில் இருப்பவருக்கு நம் தலைப்பெழுத்து முறை கொஞ்சம் பழக்கம்தான். ஆனால் கணினிப் படிவத்துக்குப் பழக்கமில்லை. இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று ஊரிலேயே ஒரு நோட்டரியிடம் பிரமாணப் பத்திரம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இங்கே வந்தபின் என்றால், சத்தியப் பிரமாண ஆணையர் முன் கையெழுத்திட்டு உறுதிமொழிப் பத்திரம் செய்யலாம். கோலாலம்பூரில் நீதிமன்ற வளாகத்தைச் சுற்றிலும், வக்கீல் அலுவலகங்கள் உள்ள தெருக்களிலும் ‘பெசுருஜாயா சும்பா’ என்ற பலகை போட்டிருப்பார்கள். பிறகு எல்லா விண்ணப்பத்திலும், பிரச்சினை வராது என்று தோன்றினாலும், ஒரே எழுத்துக்கூட்டலைப் பயன்படுத்துங்கள்.

விண்ணப்பம் மன்றத்தின் மெரிட்ஸ் என்ற இணையத் தளத்தில்தான். ஸ்கேன் செய்த காகிதங்கள் தெளிவாக இருக்கட்டும், தமிழில் உள்ள சான்றிதழ்களுக்கு முறையான மொழிபெயர்ப்பு வையுங்கள். விண்ணப்பங்களைக் குழுக்கள் கூடிப் பார்ப்பதால் மாதக்கணக்கில் ஆகலாம். அதற்குத் தகுந்தபடி கையில் பணம் இருக்க வேண்டும்.

ஹவுஸ்மேன் வாழ்க்கை

ஆறு துறைகள், ஒவ்வொன்றிலும் நான்கு மாதம். பொது மருத்துவம், குழந்தை மருத்துவம், அறுவை சிகிச்சை, மகப்பேறு, எலும்பு மருத்துவம். ஆறாவதாக அவசரப் பிரிவு, மயக்கவியல் போன்ற ஒன்று. ஒவ்வொரு துறைக்கும் லாக் புக் நிரப்ப வேண்டும், கடைசியில் மதிப்பீடு உண்டு. போதாது என்றால் அந்தத் துறையில் நீட்டிப்பார்கள். அது அவமானம் இல்லை, பலருக்கு நடக்கிறது. துறை மாறும்போது முதல் சில நாட்கள் ‘டேகிங்’ என்று சொல்வார்கள். காலையில் இருட்டோடு போய் இரவு வரை சீனியரோடு ஒட்டிக்கொண்டு வேலை கற்கும் காலம். அந்த நாட்களில் வீட்டில் சமையலை எதிர்பார்க்க வேண்டாம் என்று குடும்பத்தாரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

கோலாலம்பூர் பெரியாஸ்பத்திரி, மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனை, பினாங்கு பெரியாஸ்பத்திரி, செபராங் ஜெயா எல்லாம் பயிற்சி தரும் இடங்கள்தாம். ஆனால் வீட்டுக்குப் பக்கத்தில்தான் கிடைக்கும் என்று நினைத்து வாடகை ஒப்பந்தம் போடாதீர்கள். சபா, சரவாக்கிலும் இடம் ஒதுக்கப்படலாம்; அந்த மாநிலங்களுக்கு வேலைக்குப் போகத் தனியாக ஓர் அனுமதியும் வேண்டும்.

அரசாங்க வேலை என்றதும் ஓய்வூதியம் வரை கணக்குப் போடுபவர்கள் உண்டு. 2016 டிசம்பர் முதல் ஹவுஸ்மேன் நியமனங்கள் ஒப்பந்த முறைக்கு மாறிவிட்டன. 2021 ஜூலை 26 அன்று நாடு முழுவதும் ஒப்பந்த டாக்டர்கள் வேலையிடத்தை விட்டு வெளியே வந்து போராடியது இதனால்தான். நிரந்தரப் பணிக்குக் குடியுரிமையும், எஸ்.பி.எம். அளவில் மலாய் மொழியில் ‘கிரெடிட்’ எனப்படும் தேர்ச்சி நிலையும் கேட்பார்கள். வெளிநாட்டவராக வருபவர்கள் இதைத் தெரிந்துகொண்டே திட்டமிட வேண்டும்.

மலாய் படிக்க இன்றே தொடங்குங்கள்

இதைத்தான் நான் எல்லாவற்றையும்விட வற்புறுத்துவேன். நோயாளியின் குறிப்புகளை ஆங்கிலத்தில் எழுதுவார்கள், ரவுண்ட்ஸ் ஆங்கிலத்தில் நடக்கும். ஆனால் கட்டிலில் படுத்திருப்பவர் பேசுவது மலாய். அலுவலகக் கடிதங்களும் மலாயில்தான். பினாங்கில் ஹொக்கியன் என்ற சீன மொழி பேசும் பாட்டி வந்தாலும், அவரோடு நீங்கள் சந்திக்கக்கூடிய பொது மொழி மலாய்தான்.

பயப்படும் அளவுக்குக் கஷ்டமான மொழி இல்லை. வினைச்சொல்லுக்குக் கால விகுதி கிடையாது, ஆண்பால் பெண்பால் கிடையாது. முதல் வாரத்தில் ‘சாகிட் டாடா’ என்றால் நெஞ்சு வலி, ‘செசாக் நஃபாஸ்’ என்றால் மூச்சுத் திணறல், ‘டெமாம்’ காய்ச்சல், ‘முந்தா’ வாந்தி, ‘கெபாஸ்’ மரத்துப்போதல் என்று உடம்பைச் சுற்றியுள்ள சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் கேள்விகள்: ‘பிலா மூலா சாகிட்?’ எப்போதிலிருந்து வலி. ‘தாரிக் நஃபாஸ்’ மூச்சை இழுங்கள். மலாய்க்காரப் பெரியவரை ‘பாக்சிக்’, பெரியம்மாவை ‘மாக்சிக்’ என்று கூப்பிட்டுவிட்டுக் கேள்வி கேட்டுப் பாருங்கள், பேச்சே மாறிவிடும். நர்ஸ்களை இங்கே ‘மிசி’ என்பார்கள். வார்டில் உங்களுக்கு மொழியும் வேலையும் கற்றுத்தரப்போகிறவர்கள் அவர்கள்தான், மரியாதையோடு பழகுங்கள்.

தமிழ் தெரிந்திருப்பது இங்கே பெரிய பலம். தோட்டப்புறத்திலிருந்து வந்த வயதான நோயாளி, தமிழில் கேட்டவுடன் அதுவரை சொல்லாததையெல்லாம் சொல்வார். ஆனால் இங்குள்ள வழக்குச் சொற்களைக் காதில் வாங்கிக்கொள்ளுங்கள். ‘இனிப்புநீர் இருக்கு’ என்றால் சர்க்கரை வியாதி.

காத்திருக்கும் காலம்

பதிவு வரும்வரை மருத்துவம் பார்க்கக் கூடாது. தெரிந்தவர் ஒருவர் பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ கிளினிக் வைத்திருப்பார். “சும்மா வந்து உட்காருங்க, நான் கையெழுத்துப் போடுறேன்” என்பார். அன்பால்தான் சொல்வார். போகாதீர்கள். பதிவில்லாமல் தொழில் செய்வது சட்டப்படி குற்றம். அது உங்கள் பிற்காலப் பதிவையும் பாதிக்கும், அவருடைய கிளினிக்கையும் பாதிக்கும்.

காசு வாங்கிக்கொண்டு “எம்.எம்.சி.யில் ஆள் இருக்கு” என்பவர்களிடமும் அப்படித்தான். விண்ணப்பம் நீங்களே போடக்கூடியது. படிவம் நிரப்ப உதவி வாங்குவது வேறு, பதிவையே வாங்கித் தருகிறேன் என்பது வேறு. ஒரு ஏஜென்டிடம் நகையை அடகு வைத்துப் பணம் கொடுத்துவிட்டு, இன்றுவரை ஒரு ரசீதுகூட இல்லாமல் நிற்கும் தம்பதியை எனக்குத் தெரியும்.

சித்த மருத்துவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்களுக்கு வழி வேறு. 2016-ஆம் ஆண்டு பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டத்தின் கீழ் தனி மன்றம் இருக்கிறது, பாரம்பரிய இந்திய மருத்துவம் அதன் பிரிவுகளில் ஒன்று. எம்.எம்.சி. படிவத்தில் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

பதிவு கிடைத்த பிறகு

முழுப் பதிவு கிடைத்தாலும் ஒவ்வோர் ஆண்டும் தொழில் சான்றிதழ் எடுக்க வேண்டும். ஏ.பி.சி. என்பது அதுதான். டிசம்பர் 31-உடன் அது காலாவதியாகும்; அடுத்த ஆண்டுக்கு டிசம்பருக்கு முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். தொடர்கல்விப் புள்ளிகள் 20 வேண்டும், தொழில்சார் காப்புறுதியும் வேண்டும். கருத்தரங்குச் சான்றிதழ்களை அன்றன்றே தளத்தில் ஏற்றிவிடுங்கள். நவம்பரில் தேடினால் கிடைக்காது. நீங்கள் வேலை பார்க்கும் இடங்களும் அதில் குறிப்பிடப்படும். ஆகவே லோக்கமாக, அதாவது தற்காலிக மாற்று டாக்டராக, வேறு கிளினிக்குக்குப் போவதற்கு முன் அந்த முகவரியையும் சேர்த்துவிடுங்கள்.

சொந்தக் கிளினிக் என்றால் 1998-ஆம் ஆண்டு தனியார் சுகாதார வசதிகள், சேவைகள் சட்டத்தின் கீழ் சுகாதார அமைச்சில் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். சி.கே.ஏ.பி.எஸ். என்ற பிரிவு இதைப் பார்க்கிறது. அறைகளின் அமைப்பு, மருத்துவக் கழிவை அகற்றும் ஏற்பாடு எல்லாவற்றையும் கேட்பார்கள். கடைவீட்டுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன், அந்த இடத்தில் கிளினிக் நடத்த ஊராட்சியின் அனுமதி கிடைக்குமா என்பதையும் விசாரித்துவிடுங்கள்.